விரலளவு எழும்பிய நிலம்

ஆதிபா அழாமல் பேசினாள். அந்த ஒரு காரணத்துக்காகவே ஸுலைஹா அவளுக்குத் தேநீர் வரவழைத்தாள்.

மாத்தளை நகரில், ஏலக்காயும் சாதிக்காயும் விற்கும் கடையொன்றின் மேல்மாடியில் இருந்தது ஸுலைஹாவின் அலுவலகம். அவளுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. காப்புறுதிக் கம்பனியொன்றில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கதைகளைச் சரிபார்ப்பதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். சனங்கள் சொல்லும் பொய்களின் தரம் வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே போகிறது என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு விலகியிருந்தாள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். பொய்களின் தரம் இங்கேயும் உயரவில்லை.

அவளுடைய உதவியாளன் தர்சன், இரத்தோட்டை பஸ்ஸில் பல வருஷம் நடத்துனராக இருந்தவன். பயணிகளிடம் வாய்கொடுத்தே அந்த வேலையை இழந்தான். அதே வாய்க்காகத்தான் ஸுலைஹா அவனை வேலைக்கு எடுத்தாள்.

ஆதிபா ஒரு பொறியியலாளர். மண்ணைப் பற்றிப் படித்தவள். கலேவெலயில் வயலை நிரப்பிய காணியொன்றில், தூர ஊர்களிலிருந்து தொழிற்பயிற்சிக்கு வரும் பெண்பிள்ளைகளுக்காக மூன்று மாடி விடுதி கட்ட ஒரு நிதியம் தீர்மானித்திருந்தது. நிதியத்தின் தலைவர் ஷிஹாம், நெல் மில் முதலாளி. அந்தக் காணிக்கு அடியில் இருப்பது தண்ணீர் ஊறிய களிமண் என்று முதலில் சொன்னவள் ஆதிபாதான்.

அவள் விளக்கியது இவ்வளவுதான். அப்படிப்பட்ட களிமண்ணின் மேல் கட்டடத்தை வைத்தால், அது உள்ளிருக்கும் தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கக்கிக்கொண்டு வருஷக்கணக்காக அமிழும். ஒரு பக்கம் கூடுதலாக, ஒரு பக்கம் குறைவாக. சுவர் பிளக்கும், தூண் சரியும். அதனால் கட்டுவதற்கு முன்பே அங்கே பெரிய மண்மேடு ஒன்றை ஏற்றி வைப்பார்கள். அந்தப் பாரத்தில் நிலம் அமிழ வேண்டியதெல்லாம் அமிழ்ந்து முடிந்ததும் மேட்டை அள்ளிவிட்டு அத்திவாரம் வெட்டுவார்கள். எவ்வளவு பாரம், எவ்வளவு காலம், எவ்வளவு அமிழும் என்பதை ஆதிபா ஒரு கணித மாதிரியாகச் செய்து, ஒரு வளைகோடாக வரைந்து கொடுத்திருந்தாள். தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்து, போகப்போகச் சோம்பிப்போகும் கோடு. மேட்டுக்கு அடியில் இரும்புத் தட்டுகளைப் பதித்து, அவற்றிலிருந்து குழாய்களை மேட்டுக்கு மேலே நீட்டியிருந்தார்கள். குழாயின் உச்சி எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நிலம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

பாதி தூரம்வரை நிலம் அவளுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டே இறங்கியது. பிறகு தாய்க்குச் சத்திரசிகிச்சை என்று அவள் சில வாரம் கொழும்பில் தங்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது இறக்கம் நின்றுபோயிருந்தது. அதோடு விடவில்லை, எல்லாக் குழாய்களும் ஒரு விரலளவு மேலே வந்திருந்தன. இதற்கிடையில் ஷிஹாம் முதலாளி கண்டியிலிருந்து கலாநிதி இந்திரகுமார் என்ற பெரிய ஆலோசகரைக் கூட்டி வந்துவிட்டார். அவர் அளவுகளைப் பார்த்துவிட்டு, களிமண் தன் வேலையை முடித்துவிட்டது, ஆதிபாவின் கணக்கு சின்னப்பிள்ளையின் கிறுக்கல் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். ஒரு பெண் கணினியில் கோடு போட்டாளாம், நாங்கள் எல்லோரும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் வரிசையில் நின்றோமாம் என்று ஷிஹாம் முதலாளி சொல்லிச் சிரிக்க, கூட்டமும் சிரித்தது. நாளைக் காலையே அடிக்கல் நடப் போகிறார்கள். அவளுடைய தொழில் அனுமதியைப் பறிக்கச் சொல்லி முறைப்பாடும் போகப் போகிறது.

"அமிழ்ந்த நிலம் தானா எழும்பாது மிஸ்" என்றாள் ஆதிபா. "யாரோ குழாயை இழுத்து உசத்திருக்காங்க. அது யாருன்னு கண்டுபிடிச்சுத் தாங்க. இல்லாட்டி அந்தப் பிள்ளைகள் வெடிக்கப்போற சுவருக்குள்ளதான் படுக்கப் போறாங்க."

ஸுலைஹா தேநீரை முடித்துவிட்டு எழுந்தாள்.

பலாபத்வெலயைத் தாண்டி கலேவெல போய்ச்சேரும்வரை தர்சன் ஆட்டோவை ஓட்டியபடியே பேசினான். தான் பிறந்த தோட்டத்து லயத்தில் அரிசி விலை ஏறியும் தண்ணி வரி ஏறியும் பார்த்திருக்கிறானாம், மண் ஏறி இதுவரை பார்த்ததில்லையாம். பின் இருக்கையிலிருந்த ஆதிபா முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தாள்.

காணியைச் சுற்றித் தகரம் அடைத்திருந்தது. நடுவில் புல் முளைத்த மண்மேடு, இரண்டு ஆள் உயரத்துக்கு, ஒரு மைதானத்தின் அகலத்துக்குப் படுத்திருந்தது. மேட்டின் காலடியில் குளிரூட்டிய வாகனத்தில் கதவைத் திறந்து வைத்தபடி கலாநிதி இந்திரகுமார் உட்கார்ந்திருந்தார். அவருடைய அறிமுக அட்டையில் பெயருக்குப் பின்னால் இரண்டு வரிக்கு எழுத்துகள் நின்றன.

குழாய்களை யாராவது இழுத்திருக்க முடியுமா என்று ஸுலைஹா கேட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் ஆதிபாவைப் பார்த்துப் பதில் சொன்னார். தன் கணக்கு பிழைத்துப்போனால் கள்ளன் வந்தான் என்பது புதுப்பொறியியலாளர்களின் வழக்கம் என்றார். விரலளவு என்பது அளந்தவன் கை நடுங்கியதால் வந்தது என்றார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"களிமண்ணுக்குச் சமன்பாடு தெரியாதும்மா. அது பாட்டுக்கு அமிழும், அது பாட்டுக்கு நிக்கும். இந்த மாதிரிக் கணக்கையெல்லாம் நான் நம்புறதேயில்ல."

நகர்ந்து வந்த பிறகு தர்சன் மெதுவாகச் சொன்னான். "பேருக்குப் பின்னால இருக்கிற எழுத்தையெல்லாம் இறக்கிவைக்கத் தனி லொறி வேணும் மிஸ். மனுசன் அவ்வளவையும் தலையில வச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு."

அடுத்து ஸுலைஹா ஒப்பந்தக்காரன் ஷிஃபானிடம் தொலைபேசியில் பேசினாள். மேட்டை ஏற்றியவன் அவன்தான். ஏற்றி முடித்த நாளிலிருந்து தன் டிப்பர்களும் மண் அள்ளும் பெக்கோவும் பல்லேகமயில் வீதி வேலையில் நிற்கின்றன என்றான். குழாயைப் பற்றிக் கேட்டதும் அவனுக்குக் கோபம் வந்தது. குழாய் அடித்தட்டோடு ஒட்டவைத்திருக்கிறது, தட்டுக்கு மேலே அவ்வளவு மண் கிடக்கிறது, இழுப்பதென்றால் துறைமுகத்திலிருந்து கிரேன் கொண்டுவர வேண்டும் என்றான். குற்றம் செய்தவர்கள் வழக்கமாக இதைவிடப் பணிவாகப் பேசுவார்கள் என்று ஸுலைஹா நினைத்தாள். ஆனாலும் அவன் சொன்னதை அப்படியே விழுங்க அவள் தயாராக இல்லை.

தகரத்துக்கு மறுபக்கம் ஒட்டினாற்போல் ஒரு சிறிய வீடு இருந்தது. இடியப்பம் அவித்து விற்கும் நோனா என்ற பெண் அங்கே இருந்தாள். மேட்டைப் பற்றிக் கேட்டதும் அவள் இத்தனை மாதமாகச் சேர்த்துவைத்திருந்த ஆத்திரத்தையெல்லாம் கொட்டினாள். இந்த மலையைக் கொண்டுவந்து கொட்டியதிலிருந்து அவளுடைய வீட்டுச் சுவரில் கீறல் விழுந்ததாம். பக்கக் கதவு நிலையில் இறுகி, தோளால் முட்டினாலும் திறக்காமல் போனதாம். முதலாளியிடம் முறையிட்டதற்கு, கதவுக்கு எண்ணெய் போடச் சொன்னாராம்.

ஸுலைஹா அந்தக் கதவைத் தொட்டாள். அது ஒரு விரலுக்கே திறந்தது.

"இப்ப சரியாகிட்டே" என்றாள் அவள்.

"ஓ, அது தானாச் சரியாகிட்டு" என்றாள் நோனா. "தச்சனும் வரல்ல, முதலாளியும் வரல்ல. போன மாசம் கரைச்சலோட கரைச்சல், தகரத்துக்கு அங்கால தண்ணி ஓடக் காண் வெட்டுறோம்னு ஒரே மெசின் சத்தம். அது முடிஞ்சு கொஞ்ச நாள்ல கதவு லேசாகிட்டு."

ஸுலைஹா கதவை இன்னொரு முறை மூடித் திறந்தாள். பிறகு தர்சனிடம் திரும்பினாள்.

"குழாயை ஒருத்தரும் இழுக்கல்ல. குழாயை இழுக்கிறவன் இந்தம்மாட வீட்டையும் சேர்த்து இழுத்திருக்கணும். நிலம் உண்மையாவே எழும்பிருக்கு."

ஆதிபா முகம் வெளுத்து நின்றாள். அத்தனை நாளும் தன் கணக்கைக் காப்பாற்ற அவளிடம் இருந்தது அந்த ஒரு சாட்டுத்தான். அதுவும் போய்விட்டது.

"நிலம் எப்ப எழும்பும்?" என்று ஸுலைஹா அவளைக் கேட்டாள்.

"மேல இருக்கிற பாரத்தை எடுத்தா எழும்பும். ஆனா பாரம் அப்படியே இருக்கே." ஆதிபா மேட்டைக் காட்டினாள். உயரமும் குறையவில்லை, அகலமும் குறையவில்லை.

தர்சன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேட்டை மேலும் கீழும் பார்த்தான். "மலைக்குள்ளேயே பொறந்து வளந்தவன் நான்" என்றான். "எனக்கென்னமோ இது மலையாத் தெரியல மிஸ். வீக்கம் மாதிரித் தெரியுது."

நோனாவின் வீட்டில் தேங்காய் உரிக்க நட்டிருந்த கூரான இரும்பு அலவாங்கை அவன் இரவல் வாங்கினான். கலாநிதியின் வாகனம் போகும்வரை காத்திருந்து, மேட்டின் பின்பக்கம் போய், புல்லுக்கு நடுவில் அதை ஓங்கிக் குத்தினான். முதலில் கொஞ்சம் கிரவல் மண் கரகரத்தது. பிறகு இரும்பு தடையே இல்லாமல் உள்ளே போனது, பிடித்திருந்த தர்சனும் கூடவே குப்புற விழப்பார்த்தான். வெளியே இழுத்தபோது கிழிந்த சாக்கின் நூலும், அதைத் தொடர்ந்து பொன்னிறத்தில் உமியும் வந்தன. நெல் உமி. வேண்டாத பொருள், எந்த மில்லுக்குப் பின்னாலும் மலையாய்க் கிடப்பது, காற்றடித்தால் பறப்பது.

மேட்டின் வயிற்றைத் தோண்டி மண்ணை எடுத்துவிட்டு, உமிச் சாக்குகளை அடுக்கி, மேலே மண்ணைப் பூசிப் புல்லையும் பதித்திருந்தார்கள். பார்க்கிற கண்ணுக்கு மேடு அப்படியே இருந்தது. களிமண்ணுக்குக் கண் இல்லாததால் அது ஏமாறவில்லை.

ஆதிபா ஒரு பிடி உமியைக் கையில் எடுத்து விரல்களுக்கிடையில் வழியவிட்டாள். பிறகு தன்பாட்டில் சொல்லத் தொடங்கினாள். நிலம் பாதி அமிழ்ந்த நேரத்தில், மேலே இருக்கும் பாரத்தில் பாதியை மண் தாங்கத் தொடங்கியிருக்கும். மறுபாதியை உள்ளே அகப்பட்ட தண்ணீர்தான் சுமந்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுவதும் அந்தப் பாரம்தான். தண்ணீர் சுமக்கிற அந்தப் பாதியை மட்டும் மேலிருந்து எடுத்துவிட்டால், தண்ணீர் வெளியேற வேண்டிய தேவையில்லை. நிலம் இருந்த இடத்தில் நிற்கும். எல்லாம் முடிந்ததுபோலத் தெரியும்.

"அதைவிடக் கூட எடுத்தா?" என்றாள் ஸுலைஹா.

"எழும்பும்."

ஸுலைஹா அலவாங்குத் துளையை மண்ணால் மூடச் சொல்லிவிட்டு, ஷிஃபானுக்கு மறுபடி தொலைபேசி எடுத்து, காலையில் கட்டாயம் வரச்சொன்னாள்.

அடிக்கல் விழாவுக்குக் கூடாரம் போட்டிருந்தார்கள். நிதியத்தின் உறுப்பினர்கள் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற அதிபர் அப்துல் ஸமத், முன்வரிசையில் இருந்தார். ஷிஹாம் முதலாளி எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். கலாநிதி இந்திரகுமாரின் பெயர் பொறித்த சலவைக்கல் சிவப்புத் துணிக்குள் காத்திருந்தது. திறப்புவிழாவுக்கு இப்போதே ஒரு பெரிய மனிதரிடம் நாள் வாங்கியாயிற்று என்றும், அந்த நாள் தவறினால் தனக்கு ஊரில் முகமில்லை என்றும் முதலாளி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸுலைஹா அவரிடம் அனுமதி கேட்கவில்லை. ஒலிவாங்கி இருந்த இடத்துக்குப் போய், தர்சனுக்குத் தலையசைத்தாள். அவன் எல்லோரும் பார்க்க மேட்டில் ஏறி அலவாங்கைக் குத்தி, ஒரு சாக்கையே கிழித்து உமியைக் கீழே சரித்தான்.

கூட்டம் எழுந்து நின்றது. முதலில் வாய் திறந்தவர் ஷிஹாம் முதலாளி. இது ஒப்பந்தக்காரன் ஷிஃபானின் வேலை, மண்ணைத் திருடி விற்றிருக்கிறான், என் மில்லுக்குப் பின்னால் கிடக்கும் உமியையும் திருடியிருக்கிறான், பொலிஸுக்குச் சொல்லுங்கள் என்றார். அப்போதுதான் பல்லேகமயிலிருந்து வந்து இறங்கிய ஷிஃபான் அவரை அடிக்கவே போனான். இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மண் திருடுறவன் மண்ணோட போவான்" என்றாள் ஸுலைஹா. "திரும்பி வந்து எடுத்த இடத்துல உமி அடுக்கிப் புல்லு நடமாட்டான். இதைச் செஞ்சவங்களுக்கு வேண்டியது மண்ணில்ல. நிலம் அமிழாம நிக்கணும், மேடு மேடாவே தெரியணும், வேலை முடிஞ்சிட்டுன்னு ஒரு பெரிய ஆள் வந்து சொல்லணும்."

எல்லோரும் இந்திரகுமாரைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். தான் வெளியாள், காட்டிய அளவுகளைப் பார்த்துக் கருத்துச் சொன்னதோடு சரி, உள்ளே உமி இருப்பதைத் தட்டிப்பார்க்கத் தான் வைத்தியரா என்று கேட்டார். சிலர் அதற்கும் சிரித்தார்கள். ஸுலைஹாவும் அவர் சொல்வது சரிதான் என்று ஒத்துக்கொண்டாள்.

"கலாநிதியைச் சந்தேகப்பட்டது என்னோட பிழை" என்றாள். "அவர் படிச்சவர். இதைச் செஞ்சவன் கணக்குல முட்டாள். எவ்வளவு எடுத்தா நிலம் நிக்கும்னு ஆதிபாட சமன்பாடே சொல்லுது. பாதி. அதைக்கூட ஒழுங்காப் போடத் தெரியாம, கூட எடுத்து, நிலத்தை எழுப்பி மாட்டிக்கிட்டான். பள்ளிக்கூடப் பிள்ளை இதைவிட நல்லாச் செய்யும்."

இந்திரகுமாரின் சிரிப்பு ஒரு பக்கமாக நின்றுபோனது.

"என்னைக் கேட்டிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேன்" என்றான் மேட்டின் மேலிருந்து தர்சன். "பஸ்ஸுல எத்தனை அரை டிக்கட் கிழிச்சிருக்கேன். பாதின்னா பாதிதான். இந்த ஆளுக்கு அதுகூட வரல."

"களிமண்ணுட குணத்தையே விளங்காத ஆள்" என்றாள் ஸுலைஹா. "எங்கயோ புத்தகத்தைப் பார்த்துக் கொப்பியடிச்சிருப்பான். அதுவும் பிழையா."

கலாநிதியின் காது சிவந்தது. கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். ஆதிபாவைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்குல ஒரு பிழையும் இல்ல" என்றார் அவர். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் ஒலிவாங்கி பக்கத்திலிருந்தது. "நான் குடுத்த அளவு சரியான அளவு. அதுக்குமேல அள்ளிருக்காங்க."

அவர் என்ன சொன்னார் என்பது மற்ற எல்லோருக்கும் விளங்கி, கடைசியாகத்தான் அவருக்கு விளங்கியது.

அள்ளியது யார் என்று கேட்கவும் தேவையிருக்கவில்லை. ஷிஹாம் முதலாளி தன் செருப்பைப் பார்த்தபடி நின்றார். அப்துல் ஸமத் இரண்டு முறை பெயர் சொல்லி அழைத்த பிறகே தலை நிமிர்ந்தார். என் கல்யாண மண்டபத்து முற்றத்துக்கு மண் தேவைப்பட்டது, நல்ல கிரவல் மண், எப்படியும் வெளியே எடுத்தாயிற்று, இன்னும் சில டிப்பர் எடுத்தால் என்ன என்று நினைத்தேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் கலாநிதியைத்தான் குற்றம்சாட்டுவதுபோலப் பார்த்தார். இவ்வளவு நுணுக்கமான விஷயம் என்று முன்னமே சொல்லியிருக்கலாமே என்ற பார்வை அது.

மீதி கதை தானாக வந்தது. குறித்த நாளில் திறப்புவிழா நடக்க வேண்டும் என்பது முதலாளிக்கு. நிதியம் அடுத்து கட்டப்போகும் எல்லாக் கட்டடங்களிலும் தன் பெயர் கல்லில் இருக்க வேண்டும் என்பது கலாநிதிக்கு. ஆதிபா கொழும்பிலிருந்த வாரங்களில் காண் வெட்டுகிறோம் என்று தகரத்தை அடைத்துக்கொண்டு மில்லின் ஆட்களே வேலையை முடித்திருந்தார்கள். அந்த விடுதிக்குள் பிள்ளைகள் படுப்பார்கள் என்பது இரண்டு பேருடைய கணக்கிலும் வரவில்லை. ஷிஃபான் பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்தான். இந்த முறை யாரும் அவனைத் தடுக்கவில்லை.

வழக்கு முடிந்தால் சனங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள், ஸுலைஹாவுக்கு அது பிடிக்காது. ஆதிபா அதைச் செய்யவில்லை. மேட்டின் நிழலில் தனியாக நின்றாள். ஸுலைஹா பக்கத்தில் போய் நின்றாள்.

"என்ட கணக்கு பிழைன்னு அந்த மனுசன் உண்மையா நினைச்சிருந்தா எனக்குப் பரவாயில்ல மிஸ்" என்றாள் அவள். "விளங்காத ஆக்கள் சிரிக்கிறது பழக்கம்தான். ஆனா அவருக்குச் சரின்னு தெரிஞ்சிருக்கு. அதை வச்சே வேலையைச் செஞ்சிட்டு, அத்தனை பேருக்கு முன்னால கிறுக்கல்னு சொன்னாரே."

ஆறுதல் சொல்வது ஸுலைஹாவுக்கு வராது. அவள் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். ஆதிபா அதை வாங்கி, கண்ணைத் துடைக்காமல், கையிலிருந்த மண்ணைத் துடைத்தாள்.

அப்போது அப்துல் ஸமத் வந்தார். அவருக்குப் பின்னால் மற்ற உறுப்பினர்கள், அன்றைக்குச் சிரித்தவர்கள்தான், ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொண்டு வந்தார்கள். நிதியத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்பதாகவும், வேலை முழுவதையும் அவளே பொறுப்பெடுக்க வேண்டுமென்றும் அவர் சொன்னார். இனி என்ன செய்ய வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார்.

உமி முழுவதையும் எடுக்க வேண்டும் என்றாள் ஆதிபா. எடுத்த மண்ணையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். ஏற்றி இறக்கி மறுபடி ஏற்றிய நிலத்துக்குப் பழைய கோடு பொருந்தாது, மாதிரியைப் புதிதாகச் செய்ய வேண்டும். முன்பு சொன்னதைவிடக் கூடுதல் காலம் காத்திருக்க வேண்டிவரும்.

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்துல் ஸமத் தொண்டையைச் செருமினார். ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதான் மகள். ஆனா அந்தக் காலத்தை மட்டும் ஒரு கொஞ்சம் குறைச்சுப் போட்டுத்தர ஏலாதா?"

தர்சன் வாயைத் திறந்தான். ஸுலைஹா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஏலாது" என்றாள் ஆதிபா.

அந்தச் சொல்லை அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சொல்லி ஸுலைஹா அதுவரை கேட்டதில்லை.